சிரித்தால் பிடித்திருக்கிறதாம்

பேய்ப் படம் எனக்கு அறவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. எட்டு மாதமாகப் படுத்த படுக்கையில், ஒரு நாளைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று பேய்ப் படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைவிதி.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, நாக்கு புரளாது, கஞ்சி மூக்கு வழியாகக் குழாயில் போகிறது. கண் மட்டும் சொன்னபடி கேட்கும். சிரிப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது, அது கேட்காது. கோபம் வந்தாலும் சிரிப்பு, துக்கம் வந்தாலும் சிரிப்பு. பொதுப்பணித்துறையில் முப்பத்தாறு வருஷம் ‘சிரிக்காத வைத்தியலிங்கம்’ என்று பேர் வாங்கினவன் நான். ஒப்பந்தக்காரன் எவனும் என் மேஜைக்கு முன்னால் உட்கார மாட்டான்.

மாட்டிக்கொண்டது இப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பெருமாள்புரம் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம், என்னைப் பார்த்துக்கொள்ள வந்த இசக்கிச்செல்வி தனக்காக ஒரு பேய்ப் படம் போட்டாள். அதில் ஒரு பெண் உச்சிக்கூரையில் பல்லி மாதிரி ஊர்ந்து போனாள். என்ன கண்றாவி இது என்று எரிச்சல் பட்டேன். வாயிலிருந்து சிரிப்பு வந்தது.

“ஆத்தாடி! அக்கா, ஐயா சிரிக்காவ!” என்று செல்வி சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

சுவரில் ஒரு கேமரா இருக்கிறது. சென்னையில் இருக்கிற என் ஒரே மகள் சித்ரலேகா மாட்டிவைத்தது. பார்க்கும், பேசவும் செய்யும். “அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு செல்வி. தினமும் போடு” என்றது சுவர். முடிந்தது கதை.

சரி, பார்த்த பாவத்துக்கு அபிப்பிராயமாவது சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் ஒரு படம். களக்காட்டு மலையடிவாரத்தில் ஒரு பங்களா, புதுசாகக் கல்யாணமான ஜோடி, கரண்டு போகிறது. எல்லாப் பேயும் ஏன் முதலில் கரண்டைப் பிடுங்குகிறது? போன பிறவியில் மின்வாரியத்தில் இருந்ததா? கடைசியில் பார்த்தால் பேய் பாவம், நல்ல பிள்ளை, எவனோ கெடுத்துக் கிணற்றில் தள்ளியிருக்கிறான். அதைச் சொல்ல இரண்டரை மணி நேரம்.

துப்பறியும் படம் எனக்கு உயிர். ஆனால் அதுவும் இப்போது உருப்படியாக இல்லை. ஒரு படத்தில் கொலைகாரன் ஒவ்வொரு பிணத்தின் மேலும் செய்யுள் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். எவனுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது? எங்கள் ஆபீசில் ஒரு கடிதத்துக்குக் கையெழுத்து வாங்க மூன்று வாரம் ஆகும். இதில் சிரிப்பே வரவில்லை, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை என்று செல்வி பாதியில் நிறுத்திவிட்டாள். கொலைகாரன் யார் என்று இன்றுவரை தெரியாது.

ஒன்றே ஒன்று பிடித்தது. ஒருவனைப் பெட்டிக்குள் அடைத்து மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். அவன் படம் முழுக்கக் கத்துகிறான். கத்த முடிந்தால் அது என்ன பெரிய சிறை என்று எனக்குத் தோன்றியது.

செல்வி படம் முழுக்கப் பேசிக்கொண்டே பார்ப்பாள். “ஐயா, இந்தக் கூறுகெட்டவ ஏன் அந்த ரூமுக்குள்ள போறா? கதவுதான் தன்னால தொறக்குதுல்லா, ஓட வேண்டியதான?” என்பாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வழியில் எவன் எவளோடு சண்டை போட்டான் என்பது வரை சொல்லிவிடுவாள். அவள் வாய் ஓயாது. அந்தப் பேச்சு இல்லையென்றால் நான் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

நேற்றைக்கு முந்தின நாள் சாயங்காலம் சுவர் பேசியது.

“அப்பா, சென்னையில எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஹோம் பார்த்திருக்கேன். எட்டு பேருக்கு ஒரு நர்ஸ். உங்களுக்குன்னு தனி டிவி. பேய்ப் படம் போடணும்னு எழுதியே கொடுத்துட்டேன். திங்கக்கிழமை வண்டி வருது. சரிதானப்பா?”

எட்டு பேருக்கு ஒருத்தி என்றால் என்னோடு யார் பேசுவார்கள்? குழாயை மாட்டுவாள், துடைப்பாள், பேய்ப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். சாகிறவரைக்கும் அதுதான். வேண்டாம் தாயே, வேண்டாம் என்று உள்ளே கதறினேன். வெளியே ஹெஹ்ஹே என்று சிரித்தேன். எவ்வளவு கதறினேனோ அவ்வளவு சிரிப்பு.

“அப்பா சிரிக்காங்க!” என்றாள் சித்ரலேகா. “நிம்மதியா இருக்கு செல்வி. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்.”

செல்வி என் கட்டிலுக்கு அருகே வந்து முகத்தைப் பார்த்தாள். பிறகு டிவியை அணைத்தாள்.

“அக்கா, ஐயா சிரிக்கல.”

“என்ன சொல்லுத? கேக்குதே எனக்கு.”

“எம்மவன் ஆத்தோட போன கதைய நேத்து ஐயாகிட்ட சொன்னேன். ஒம்பது வயசு அவனுக்கு. அப்பவும் இப்படித்தான் சிரிச்சாவ. வந்த ஆத்திரத்துல எந்திச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். பொறவு வந்து பாத்தா தலகாணி நனைஞ்சு கெடக்கு. பிள்ள செத்ததுக்கு ஐயா சிரிப்பாவளாக்கா?”

இதை நான் உங்களிடம் மறைத்துவிட்டேன். வெட்கம்தான். ஒரு தாய் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல நான் சிரித்தேன். அவள் எழுந்து போனபோது செத்துவிடலாம் போல இருந்தது.

“உன் வேலை போயிரும்னுதான் இப்படிச் சொல்லுதியா செல்வி?” என்றது சுவர்.

“எனக்கு வேற வீடு கெடைக்கும். நீங்க அவிய கண்ணப் பாருங்க. சிரிக்கிற கண்ணா அது?”

செல்வி கைபேசியில் வீடியோ கால் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அதில் என் மகளின் முகம் தெரிந்தது. தலைமுடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

“அப்பா, நான் சொல்றது புரியுதா? போக வேண்டாம்னா கண்ணை மூடுங்க.”

எட்டு மாதத்தில், என்னால் பதில் சொல்ல முடிகிற மாதிரி என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். மூடினேன்.

“அப்பா...” என்றாள். பிறகு அழுகிற சத்தம் கேட்டது. அவளுக்காவது அழுகை அழுகையாகவே வருகிறது.

“ஐயா, அக்கா பாத்துட்டாவ. போதும், முழிங்க” என்றாள் செல்வி. என் கன்னத்தைப் பையத் தட்டினாள். “முழிங்கய்யா.”

நான் முழிக்கவில்லை. திறந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. இறுக்கி மூடிக்கொண்டே கிடந்தேன்.