மொராக்கோவிலிருந்து வந்த அடி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அயனம்பாக்கத்தில், பச்சையப்பனின் டைல்ஸ் கடை மாடியில் கூடுவோம். மூன்று பேர். அதில் ஒருத்தி புதிது. ஒரு காலத்தில் ஒன்பது பேர் இருந்தோம். நின்றுபோன ஏழு பேரும் என் வாய்க்குப் பயந்துதான் நின்றுவிட்டார்கள் என்று பச்சையப்பன் சொல்வான். அதில் இரண்டு பேர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனவர்கள். அவர்களையும் என் தலையில் கட்டுவது அநியாயம்.

கூடுவது ‘மூன்றாம் ஷிஃப்ட்’ என்ற ராக் பேண்டுக்காக. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில், எண்பத்து நாலில் ஆரம்பித்தது. தமிழில் பாடுவார்கள். நாற்பது வருஷமாக அதே நான்கு பேர். பாடுகிறவர் கஜபதி, டிரம்ஸ் வாசிப்பவர் ஆனந்தன். சினிமா பக்கம் போகாததால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்களைத் தெரியாது. தெரிந்தவர்கள் எங்களைப் போலப் பைத்தியமாக இருப்பார்கள்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும்: இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? ஒரு ஊரோ, ஒரு இசையோ, ஒரு வாத்தியக்காரரோ, ஏதாவது ஒரு பெயர் கட்டாயம். ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்லை’ என்பதெல்லாம் செல்லாது. பச்சையப்பன் சீட்டுகளைச் சத்தமாகப் படிப்பான். அப்புறம் சண்டை. இந்த விதியைப் போட்டவன் நான்தான். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினாறு வருஷமாக இருப்பவன் நான்; பிழை எங்கிருந்து வந்தது என்று தேடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போன ஆவணியில் அவர்களுடைய புதுத் தொகுப்பு ‘ஓவர்டைம்’ வந்தது. எட்டுப் பாட்டு. எல்லாமே மெதுவாக நடந்தன. அதைவிட முக்கியம், டிரம்ஸ். வழக்கமான நாலு எண்ணிக்கைத் தாளத்தில் ஒன்றும் மூன்றும் காலால் உதைப்பது, இரண்டும் நாலும் இடது கையால் அடிப்பது. அந்த இரண்டும் நாலும் இந்தத் தொகுப்பில் ஒரு நூலிழை தாமதமாக விழுந்தன. ஒவ்வொரு முறையும் அடி விழுமா விழாதா என்று நெஞ்சு ஒரு கணம் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றால் மிகையில்லை.

பச்சையப்பன் முதல் சீட்டைப் பிரித்தான். அது அவனுடையதுதான். “கல்யாண மண்டபம், ரெண்டாவது பந்தி.” படித்துவிட்டு அவனே விளக்கமும் சொன்னான். “இன்னா மாமே இது, துன்னுட்டு வந்து வாசிச்சா மாதிரி கீது. மொத மூணு கேசட்டோட இவுங்க கத முடிஞ்சி போச்சி. அந்தக் கிடாரு இன்னா, அந்த வேகம் இன்னா. இப்ப பென்ஷன் வாங்கிக்கினு வாசிக்கிறாங்க.”

“அந்த மூணு கேசட்டும் வெள்ளைக்காரன் கிடாரைக் கேட்டு அப்படியே இறக்கினதுடா. இப்பதான் சொந்தமா ஏதோ செய்யறாங்க” என்றேன்.

இரண்டாவது சீட்டு என்னுடையது. மொராக்கோ. அந்த நாட்டின் தெற்கே இரும்புத் தாளம் தட்டிப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அடி இரண்டிரண்டாகப் போவதற்கும் மூன்று மூன்றாகப் போவதற்கும் நடுவில் ஊசலாடும். ஆனந்தன் அதைத்தான் எடுத்துத் தன் இடது கையில் வைத்திருக்கிறார் என்று நான் எழுதியிருந்தேன்.

மூன்றாவது சீட்டு ஜெபாவுடையது. ஆவடி சேக்காட்டுப் பெண், பிசியோதெரபிஸ்ட். எங்களோடு சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய பாட்டெல்லாம் கேட்காமல் கடைசிக் காலத்துப் பாட்டு வழியாக உள்ளே வந்தவள். அவள் எழுதியிருந்தது இதுதான்: “இடது கையில் பலம் குறைந்திருக்கிறது. இதுவரை வந்ததில் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இது ஆஸ்பத்திரி இல்லம்மா. ஒரு பெயர் எழுதணும்னு விதி. நாற்பது வருஷம் வாசிச்சவருக்குக் கை எங்கே விழணும்னு தெரியாதா? உனக்குத் தெரிஞ்சதை வச்சு எல்லாத்தையும் நோயா பார்க்காதே” என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

“சரிண்ணா” என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அடுத்த மூன்று ஞாயிறு வரவில்லை.

நான் அந்த மூன்று ஞாயிறும் சும்மா இருக்கவில்லை. ‘ஆனந்தனின் இடது கை: அம்பத்தூரில் ஒரு மொராக்கோ’ என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதி, ரசிகர்களின் முகநூல் குழுவில் போட்டேன். எந்தப் பாட்டில் எந்த நொடியில் அடி எவ்வளவு தாமதம் என்று அட்டவணையே கொடுத்திருந்தேன். முந்நூறு பேர் பாராட்டினார்கள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது.

“திருமுருகனா? நான் ஆனந்தன் பேசறேன் பா. டிரம்ஸ் ஆனந்தன். அந்தக் கட்டுரைய நாற்பதாம் வருஷ மலர்ல போடலாம்னு கஜபதி சொல்றான். அதுக்கு முன்ன உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. கூட உன் சிநேகிதங்களையும் இட்டுகினு வா.”

நான் ஆடாத குறைதான். ஜெபாவுக்கு நானே போன் செய்து கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க என்று நினைத்துவிடாதீர்கள். என் மொராக்கோவை ஆனந்தன் வாயாலேயே அவள் கேட்க வேண்டும் என்பதற்காகக் கூப்பிட்டேன். அவளும் வந்தாள்.

வெள்ளானூரில் புது வீடுகளுக்கு நடுவே இருந்தது அவர் வீடு. ஆனந்தனுக்கு அறுபத்து மூன்று வயது. ஒல்லியான ஆள். சட்டையின் மேல் பட்டன் இரண்டும் போடாமல் இருந்தன. அவர் மனைவி வடிவு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களோடே உட்கார்ந்துகொண்டார். டிரம்ஸ் செட் கூடத்திலேயே இருந்தது.

ஆனந்தன் போய் அதன் முன் உட்கார்ந்து, ‘ஓவர்டைம்’ தொகுப்பின் முதல் பாட்டை வாசித்தார். ஒன்று. இரண்டு தாமதமாக வந்தது. மூன்று. நாலு தாமதமாக வந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டே ஜெபாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். கை தானாக மேலே போகவில்லை. தோளைத் தூக்கி, அதோடு கையையும் சேர்த்துத் தூக்கிக் கீழே விட்டார். ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான். மேல் பட்டன் ஏன் போடவில்லை என்பதும் அப்போது எனக்குப் புரிந்தது.



வாசித்து முடித்துக் குச்சிகளைக் கீழே வைத்தார். “மூணு வருசம் ஆச்சி பா. லேசான ஸ்ட்ரோக்குன்னாங்க. இந்தக் கை ஒரு துளி நேரம் கேட்டுட்டுதான் எந்திரிக்கும். பேண்டுல மத்த மூணு பேரும் எனக்காவ எல்லாப் பாட்டையும் மெதுவா ஆக்கிட்டாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா கீது. சொமக்கிறாங்க என்னிய.”

அவரே தொடர்ந்தார்.

“அடுத்த மாசம் அம்பத்தூர்ல நாற்பதாம் வருஷக் கச்சேரி. எனக்குப் பதிலா வினோத்துன்னு போரூர்காரர் ஒருத்தர வச்சிக்கன்னு போன மாசமே கஜபதியாண்ட சொல்லிட்டேன். அப்பறம் உன் கட்டுரையப் படிச்சேன். நான் அந்த மொராக்கோ பாட்ட ஒரு தபா கூடக் கேட்டதில்ல பா. ஆனா நீ எழுதினது… எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.” அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். “நெசத்த சொல்லு. எனக்கு ஒடம்பு முடியலன்னு உனக்கு யாரோ சொல்லி, மனசு ஒடிஞ்சிடக் கூடாதுன்னு எழுதினியா? இல்ல, மெய்யாவே அப்பிடித்தான் உன் காதுல வுழுந்துச்சா? பாவம்னு எழுதியிருந்தா வினோத்து வாசிக்கட்டும். கோச்சிக்க மாட்டேன்.”

“சார், நான் ஆறுதலுக்கு எழுதுற ஆள் இல்ல” என்றேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க” என்றார்.

பச்சையப்பன் குறுக்கே வந்தான். “அண்ணாத்தே, அது மட்டும் மெய்யி. எங்க நைனா செத்த அன்னிக்கி வந்தான் இவன். மாலையப் போட்டான். என் பக்கத்துல வந்து நின்னுகினு, பேண்டு செட்ல டிரம்பெட்டுக்கு சுதி எறங்குதுடான்னு சொல்றான். பாவ புண்ணியம் பார்க்கிற ஜென்மமே இல்ல.”

வடிவு சிரித்துவிட்டார். ஆனந்தன் சிரிக்கவில்லை. அவருக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. அவர் கண் இன்னும் என் மேலேயே இருந்தது. எதைச் சொன்னால் நம்புவார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பதினாறு வருஷமாக அடுத்தவன் பிழையைக் காட்டியே சம்பளம் வாங்குகிறவன் நான்.

“சார், இந்தப் பொண்ணு ஜெபா, பிசியோதெரபிஸ்ட்” என்று ஆரம்பித்தேன். “முதல் தடவை கேட்டதுமே இடது கையில பலம் குறைஞ்சிருக்குன்னு எழுதிட்டா. நான் அவளைத் திட்டினேன். உனக்குக் காது இல்லன்னு சொன்னேன். ஊசி போடற வேலைக்குப் போன்னு சொன்னேன். அவ மூணு வாரம் எங்ககிட்ட வரல. அந்தக் கோவத்துலதான் அந்தக் கட்டுரையே எழுதினேன், அவ தப்புன்னு காட்டறதுக்கு. உங்களுக்காக ஒரு வரி எழுதல சார். கை நோயா இருக்கும்னு எனக்கு நம்பவே முடியல. அவ்வளவு நல்லா இருந்துச்சு.”

 ஜெபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஊசி போடறது நர்ஸ் வேலைண்ணா” என்றாள் மெல்ல.

“அது தெரியாம பேசினேன். தப்புதான் ஜெபா. மன்னிச்சுடு.”

ஆனந்தன் அவள் பக்கம் திரும்பினார். “நீ இன்னாம்மா சொல்ற? உனக்குத் தெரிஞ்சி போச்சி இல்ல?”

“தெரிஞ்சது சார். தெரிஞ்சும் அதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதினேன். இவர் முதல் வரியோட நிறுத்திட்டார்.” பிறகு அவர் கையைக் காட்டிச் சொன்னாள். “கைக்குப் பயிற்சி செய்யலாம் சார். பழைய மாதிரி முழுசா வராது. பட்டன் போடற அளவுக்கு வரும்னு நினைக்கிறேன். வாரம் ரெண்டு நாள் நான் வரேன்.”

வடிவு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு வலது கையால் போனை எடுத்தார்.

“கஜபதி, நான்தான். அந்த வினோத்தாண்ட வேணாம்னு சொல்லிடு. இல்ல, யாரும் ஒண்ணும் சொல்லல. நானே வாசிக்கிறேன். தா பாரு, பாட்ட இன்னும் மெதுவாக்கற வேலயெல்லாம் வேணாம். அது லேட்டா வந்தா லேட்டாவே வரட்டும்.”

போனை வைத்தார்.  நான் வேலைப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், கட்டுரையை என்ன செய்யறது? தப்பா எழுதிட்டேன். மலருக்கு அனுப்ப வேண்டாம்.”

“இன்னாத்துக்கு வேணாம்? அந்த லிஸ்ட்டு போட்டியே, எந்த செகண்டுல எவ்ளோ லேட்டுன்னு, அதெல்லாம் கரெக்ட்டுதான். நான் பாட்ட வச்சிப் பார்த்தேன். மொராக்கோவ மட்டும் எடுத்துடு.”

“எடுத்துட்டு எங்கேயிருந்து வந்ததுன்னு போடறது?”

ஆனந்தன் குச்சியை எடுத்து இடது கைக்குள் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக வலது கையால் மடக்கி அதைப் பிடிக்கவைத்தார். நாற்பது வருஷமாகக் கூடவே வாசிக்கிற மூன்று பேரிடம்கூட அவர் மூன்று வருஷமாகப் பேசாத விஷயம் அது.

“ஸ்ட்ரோக்லருந்துன்னு போடு” என்றார். “ஆனந்தனோடதுன்னு பேரையும் போடு.”