புத்தருக்கு விரித்த பட்டு

அன்று கியோட்டோவில் பெண்துறவியர் மடத்தின் புத்தர் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மடத்துத் தலைவி சோகேய் அம்மையார், முன்னாள் அரசவைப் பிரபு சுகினோகோஜி தொமோஃபுசா, டோக்கியோவிலிருந்து முந்தின நாள் வந்து இறங்கிய அவர் மகன் சனெமிச்சி, பொருட்காட்சிக்காகச் சாமான் சேகரிக்கும் மாவட்ட அதிகாரி குவபாரா, அவர் கூட்டி வந்த தையற்காரி ஒதாமி. சுவரில் ஓவியமாகத் தொங்கிய போதிதர்மரையும் சேர்த்தால் ஆறு என்பாள் ஒதாமி. "அந்த முழிக்கு முன்னால என்னைக் கத்தரிக்கோலை எடுக்கச் சொன்னா எப்படிங்க?"

அந்த முழி முன்னாள் தலைவி எழுதியது. அவர் இளவரசி. அரண்மனையில் மயிரிழை போன்ற எழுத்துப் பழகிய கையால், இங்கே வந்தபின் துடைப்பம் போன்ற தூரிகையைப் பிடித்து மூன்றே இழுப்பில் அந்தத் தாடிக்காரரைச் சுவரில் உட்காரவைத்துவிட்டார்.

தொமோஃபுசா பழைய அரசவை உடுப்பில், உயர்ந்த கறுப்புத் தொப்பியோடு வந்திருந்தார். பேரரசர் டோக்கியோவுக்குப் போனபின் கியோட்டோவில் அப்படி உடுத்தி வெளியே வருகிறவர் யாரும் இல்லை. வழியில் பெண்கள் வாசல் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சுகினோகோஜி வீட்டு முதுகு சுவரைத் தொடாது என்று அரண்மனையில் ஒரு கேலி உண்டு. இப்போதும் அது தொடவில்லை.

எல்லோர் கண்ணும் பீடத்தின் மேல் இருந்தது. பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்திருந்தார்கள். அதன் அடியில் விரித்திருந்த ஊதாப் பட்டு மட்டும் புத்தர் முன்னால் கிடந்தது. அது ஒரு காலத்தில் தொமோஃபுசாவின் மகள் த்சுனெகோவின் அங்கி. பெரிய வீட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய நல்ல ஆடையைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அதை வெட்டிப் பீடத்துணி தைத்து, உள்துணியில் இறந்தவர் பெயரை மையால் எழுதி விரிப்பார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பிக் கேட்கிற வழக்கம் இல்லை.

த்சுனெகோ அரண்மனை அந்தப்புரத்தில் பணிபுரிந்தவள். இருமலோடு வீட்டுக்கு வந்தாள்; அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள். நோய் என்று வீட்டார் சொன்னார்கள். அங்கியின் கையில் யாருடைய கடிதமோ இருந்தது, பிடித்துத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. தொமோஃபுசா ஊருக்குப் பதில் சொன்னதில்லை.

"பெரியவரே, விஷயம் ரொம்பச் சுலபம்" என்றார் குவபாரா. "தையலைப் பிரிச்சு மறுபடி அங்கியாக்கிடுவோம். கண்ணாடிப் பெட்டியில வைப்போம். அரசவைப் பெண்கள் என்ன உடுத்தினாங்கன்னு உலகமே பாக்கும். இந்த நெசவு, இந்த நிறம் இப்ப வேற எங்கயும் கிடைக்காதுங்க."

"மேசைவிரிப்பா இருந்தா உலகம் பாக்காதோ?" என்றாள் ஒதாமி. குவபாரா முறைத்தார். அவள் தேநீர்க் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சனெமிச்சி நகர்ந்து அப்பா அருகில் வந்தான். தலைமுடியைக் குட்டையாக வெட்டி மேல்நாட்டுக் கோட்டு போட்டிருந்தான். மண்டியிட்டு உட்காரக் கால்சட்டை இடம் கொடுக்கவில்லை.

"அப்பா, யோசிச்சுப் பாருங்க. இந்த ஊதா பேரரசர் வாயால அனுமதி கொடுத்தவங்க மட்டும் உடுத்துறது. ஒருத்தியைத் துரத்தினா அன்னைக்கே அதைப் பிடுங்கிடுவாங்க. அக்காகிட்ட கடைசிவரைக்கும் இருந்துச்சு. முழு அங்கியா அவ பேரோட நின்னா ஒருத்தன் வாய் திறப்பானா? டோக்கியோவுலகூட என் முதுகுக்குப் பின்னால இதைத்தான் பேசறானுங்க."

மகன் சொன்னது உண்மை. அந்த உண்மையைத் தொமோஃபுசா வருடக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்தார். இதே நகரத்தின் நடுவில் அந்த அங்கி நிற்பதை, பழைய சக பிரபுக்கள் அதன் முன்னால் வந்து வாயடைத்து நிற்பதை அவர் கற்பனை செய்யாத நாள் குறைவு. முழங்கால் மேலிருந்த கை ஒருமுறை விரிந்து மூடியது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"முழுசா வருமா?" என்று கேட்டார்.

குவபாரா மலர்ந்தார். "ஒரு கை மட்டும் குறையுது. அதனாலென்ன, இதே சாயத்துல புதுசா நெய்து ஒட்டிடுவோம். கண்ணாடிக்கு வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அந்தக் கை எங்கே?" தொமோஃபுசா தலைவியைப் பார்த்தார். "முன்னாள் அம்மா வாங்கிட்டுப் போனாங்க. அவங்க துறவாடையில சேத்துத் தைச்சதா கேள்வி."

மடத்தில் இன்னும் அரண்மனைப் பேச்சுத்தான். சோகேய் அம்மையார் மெல்ல இழுத்துச் சொன்னார். "ஆமாங்க. அவங்களே கேட்டு வாங்கித் தைச்சுக்கிட்டாங்க. ஊர் பேசுறது காதுல விழுந்த அன்னைக்கு. 'நான் போறப்ப இதத்தான் போத்தணும், யாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க'ன்னாங்க. அப்படியே போத்தித்தான் தீ வெச்சோம்."

தொமோஃபுசா போதிதர்மரை ஏறிட்டுப் பார்த்தார். ஊர் எந்தக் கையில் கடிதம் இருந்ததென்று சொன்னதோ, அந்தக் கையை ஓர் இளவரசி உடம்பில் சுற்றிக்கொண்டு தீக்குள் போயிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

"என் மகளுக்குப் பொய்க் கை தைக்கப் போறீங்களா?"

"பெரியவரே, அது வந்து..."

"என் வீட்டுல கொடுத்ததைத் திருப்பி வாங்கினவன் இல்ல. அவளுக்குச் சாட்சி தேடி நான் கண்ணாடிக்கடைக்கு வரமாட்டேன்."

"அப்ப ஊர் வாய்?" என்றான் சனெமிச்சி.

"திறந்தே கெடக்கட்டும். ஈ போகும்."

ஒதாமி சிரிப்பை இருமலாக்கினாள்.

"மாவட்டத்துலேருந்து உத்தரவு வந்தா?" குவபாராவின் குரலில் மரியாதை சற்றுத் தேய்ந்திருந்தது.

"கொண்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். என்னைத் தூக்கிட்டு அதை எடுங்க."

எழுந்தார். முழங்கால் சத்தமிட்டது. பீடத்துக்குப் போய்ப் பட்டின் ஓரத்தை ஒரு விரலால் சரிசெய்தார். பூச்சாடியை இரண்டு கையாலும் எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு பீடத்துக்கு முன்னால், எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தார்.

குவபாரா போனார். ஒதாமி கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு, போதிதர்மருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின்னால் போனாள். சனெமிச்சி வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். மழை பிடித்திருந்தது; கூரை ஒழுகி உள்ளே வைத்த வெண்கலக் கிண்ணத்தில் நீர் சொட்டியது. கயிற்றைக் கையில் பிடித்தபடி அவன் அப்பாவின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று கிழவர் கோபத்தில் தையற்காரியின் கத்தரிக்கோலைப் பிடுங்கி மகளின் பட்டைத் துண்டு துண்டாக வெட்டினார் என்று கியோட்டோவில் இன்றும் சொல்கிறார்கள். தவறு. வெட்டியது அவர்தான், ஆனால் அது மகள் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில், முன்னாள் தலைவி அங்கியின் ஒரு கையைக் கேட்டபோது. குவபாரா வந்த அன்று அவர் பட்டின் ஓரத்தையும் பூச்சாடியையும் மட்டுமே தொட்டார்.