சம்பந்திகள் பறந்த காலை

கெங் வாத்தியார் தொட்டதுதான் தாமதம், சீடன் பின்னால் பறந்துபோய் மரத்தில் முட்டிக்கொண்டு நின்றான். பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். கெங்குக்கு மட்டும் வயிற்றெரிச்சல். கை படுவதற்கு முன்பே பயல் எம்பிவிட்டான். சீனாவின் ஹண்டான் ஊரில் தாய்ச்சி என்கிற தற்காப்புக் கலை கற்பவர்களின் மரியாதை அப்படி. வாத்தியார் தொட்டால் பறக்க வேண்டும், பறக்காதவன் வளர்ப்புச் சரியில்லாதவன். தன் தலை நரைக்கும்வரை எல்லோரும் பறந்துகொண்டே இருந்ததால், தனக்குள் 'ச்சி' என்கிற அந்த உள்சக்தி நிஜமாகவே ஓடுகிறதா, வெறும் காற்றுதானா என்று பாவம், அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

இன்று தெரிந்துவிடும். மகளைக் கட்டப்போகும் பையனின் அப்பா துவான் வெளியூரிலிருந்து வருகிறார். அவரும் அங்கே பெரிய வாத்தியார். இரண்டு வாத்தியார்கள் சந்தித்தால் மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்துத் தள்ளிப் பார்ப்பது வழக்கம். பாதம் பெயர்ந்தால் தோல்வி. துவான் இவருக்குச் சீடன் இல்லை, பறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மனைவி ஹுய்ஃபென் அதற்கும் வேட்டு வைத்தாள்.

"இந்தா பாருங்க, உங்க வீரத்தையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் வச்சுக்கோங்க. சம்பந்தி விழுந்து முகம் சுண்டிப் போனா, நம்ம பொண்ணுதான் அந்த வீட்ல கண்ணைக் கசக்கணும்."

"நான் விழுந்தா?"

"விழுந்துட்டு எந்திரிச்சு வாங்க. கறிக் கொழுக்கட்டை வச்சிருக்கேன்."

துவான் குடும்பத்தோடு பூங்காவுக்கே வந்தார். ஒல்லி உடம்பு, கூச்சச் சிரிப்பு. சீடர்கள் வட்டம் கட்டி நின்றார்கள். மணிக்கட்டை வைக்கும்போது கெங் மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரி, போகட்டும் என்று ஆசையை விழுங்கிவிட்டு, "ஆ!" என்று ஒரே எம்பாகப் பின்னால் எம்பினார். சீடப்பிள்ளைகள் தோற்றுப்போகும் பறத்தல்! புல்லில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே பூச்செடிகளுக்கு நடுவில் துவானும் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேர் சக்தியும் மோதிருச்சுடா!" என்று ஒரு சீடன் கூவினான். ஹுய்ஃபென் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெங் தவழ்ந்துபோய்க் கை கொடுத்தார்.

"நீங்க எதுக்குப் பறந்தீங்க சம்பந்தி?" என்று காதோரம் கேட்டார்.

"வீட்டம்மா உத்தரவு. நீங்க?"

"இங்கயும் அதேதான்!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். போன உயிர் வந்தது அவளுக்கு. எல்லோரும் கொழுக்கட்டை ஆறிவிடும் என்று கிளம்ப, துவான் மட்டும் சட்டையில் ஒட்டிய இதழ்களைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்க சீடப் பசங்க நெசமாவே பறக்குறாங்களா?"

கெங்கின் சிரிப்பு நின்றது. "உங்க பசங்க?"

"அதை ஏன் கேக்குறீங்க! நான் தும்மினாக்கூடப் பறக்குறானுங்க. சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கணும் சம்பந்தி."

கெங் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான் இப்படின்னு நெனச்சேன்யா!" என்றார்.

மூங்கில் புதருக்குப் பின்னால், ஆளில்லாத இடத்தில், மீண்டும் மணிக்கட்டுகள் சேர்ந்தன. கெங் தள்ளினார். துவான் அசையவில்லை. தான் தள்ளியும் ஒருவர் அசையாமல் இருப்பதை கெங் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். உடம்பெல்லாம் புல்லரித்தது.

"விட்டுக்கொடுக்காதீங்க சம்பந்தி!"

"மாட்டேன், நீங்களும்தான்!"

துவானின் மணிக்கட்டு மெல்ல மெல்லக் கனத்தது. முகம் முழுக்கச் சிரிப்போடு கெங் பல்லைக் கடித்து நிற்க, அவருடைய வலது குதிகால் புல்லைவிட்டு எழும்பத் தொடங்கியது.