மூன்றாவது பெட்டி

"நட அக்கா! நிக்காம நட!" மாடியிலிருந்து தம்பி கத்தினான்.

போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அக்கா படியேறினாள். திரையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியின் முகம். பாதிப் படியில் அந்த முகம் வாயைப் பிளந்தபடி உறைந்தது. அழைப்பு அறுந்தது.

"போச்சு!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இது ஒத்திகைதான்; இன்னும் கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் நல அதிகாரி வீடியோவில் கூப்பிடுவார். தத்தெடுப்பவர்களின் வீடு முழுவதையும் ஒரே அழைப்பில், நடுவில் அறுபடாமல் காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை இதே படிக்கட்டில் அறுந்தது. 'எதையோ மறைக்கிறீர்களா?' என்றே கேட்டுவிட்டார் அந்த அம்மாள். இன்றும் அறுந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்.

"என்ன மாப்ள, பெரிய நெட்வொர்க் இன்ஜினியர்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருக்கேன்" என்றபடி வந்தார் அவள் கணவர். ஊரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். "கீழ ஒரு வைஃபை பெட்டி, மேல ஒரு பெட்டின்னே. வாங்கினேன். சுவத்துல ஓட்டை போட்டு ஒயர் இழுக்கணும்னே. இழுத்தேன். இன்னும் என்ன?"

"பெட்டி மேல தப்பில்ல மாமா. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. நடக்க நடக்க போன் ஒண்ணை விட்டு அடுத்ததைப் பிடிச்சுக்கணும். பேச்சு அறாது." தம்பி இறங்கி வந்து அக்காவின் போனை வாங்கிப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "இது நம்ம ரூட்டர் கொடுத்த நெட்வொர்க் முகவரியே இல்லையே. கூட்டுக்குடும்பத்துல எவனோ தனி அடுப்பு பத்தவச்சிருக்கான்."

"புரியற மாதிரி சொல்லேன்டா!"

"மூணாவதா ஒரு பெட்டி இருக்குக்கா. நம்ம பேரையே வச்சுக்கிட்டு, தனியா முகவரி கொடுக்குது. படியில போன் அதுக்குத் தாவுது. கால் செத்துடுது."

போனில் சிக்னல் அளக்கும் ஆப்பைத் திறந்து, மோப்பம் பிடிப்பவன் போல் மாடியில் நடந்தான். குளியலறை. குறைவு. படுக்கையறை. குறைவு. கடைசி அறையின் பூட்டிய கதவருகே முள் எகிறியது.

"இது ஸ்டோர் ரூம்டா. கடையில மிஞ்சின பெயின்ட் டப்பா. வாசனை தாங்காம நான் எட்டிக்கூடப் பாக்கறதில்ல" என்றாள் அக்கா.

"பெயின்ட் டப்பா வைஃபை விடுமா? மாமா, சாவி!"

மாமாவின் நெற்றி வியர்த்தது. "நானே அணைச்சிட்டு வரேன். நீங்க வராதீங்க." கதவைத் தன் உடம்பு நுழையுமளவு மட்டும் திறந்து உள்ளே போனார். வந்தார். பூட்டினார்.

"என்னங்க இது திருட்டு முழி?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

அதிகாரி. அக்கா வாசலைக் காட்டினாள். கூடம். சமையலறை. படிக்கட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படி... முக்கால் படி... மாடி! அதிகாரி கண் சிமிட்டினார், உறையவில்லை. தம்பி காற்றில் முஷ்டியை உயர்த்தினான்.

"அந்தக் கடைசி ரூம்?"

"அது சும்மா ஸ்டோர் ரூம் மேடம்."

"திறங்க."

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார்.

பெயின்ட் டப்பா ஒன்றுகூட இல்லை. இளமஞ்சள் சுவர். அதில் பழக்கமில்லாத கையால் வரைந்த யானை. நடுவில் கம்பி வைத்த சின்னக் கட்டில், அதைப் பார்த்தபடி ஒரு கேமரா, பக்கத்தில் அணைந்து கிடந்தது அந்தப் பெட்டி.

"படம் ஆடுதே, சிக்னல் இல்லையா?" என்றார் அதிகாரி.

"சிக்னல் நல்லாதான் இருக்கு மேடம்" என்றான் தம்பி. "ஆடறது அக்கா."

"தூங்கற குழந்தையை நீ சமையல்கட்டுல இருந்தே பாக்கணுமேன்னு, கேமராவுக்காக நானா ஒரு பெட்டி வாங்கி மாட்டினேன்" என்று முணுமுணுத்தார் கணவர்.

"இதெல்லாம் எப்பங்க செஞ்சீங்க?"

"நாம விண்ணப்பம் போட்ட மறுநாளே ஆரம்பிச்சிட்டேன்."