வேஷம் போட்ட மெட்டு

முப்பத்துநாலாம் வருஷம் தென்காசியில் கொட்டகை போட்ட நாடகக் கம்பெனிக்குக் குற்றாலிங்கம்தான் ஆர்மோனியம். ஒரே மெட்டைத் தாளம் மாற்றி, நடையை முறுக்கி, நாலு காட்சிக்கு ஒப்பேற்றிவிடுவார். கேட்கிறவனுக்கு அடையாளமே தெரியாது. கெட்டிக்காரத்தனமாம், அதில் மண்ணை அள்ளிப் போட!

புது நாடகத்துக்கு மெட்டே கூடிவரவில்லை. முதலாளி அய்யாத்துரை அரித்தெடுத்தார். அப்போது விரலில் வந்து உட்கார்ந்தது, தன் மனைவி சந்தனமாரி, வாந்திபேதியில் போன மகன் சுடலைமாடனுக்கு அழுத ஒப்பாரி. செத்தவனுக்கு அழுததைச் சாவு இல்லாத இடத்தில் அந்தப் பக்கத்துப் பெண்கள் முனகக்கூட மாட்டார்கள். இவரோ அதை விரட்டிப் பபூன் பாட்டாக்கினார், நிமிர்த்தி ராஜா வரவாக்கினார், குழைத்துக் கல்யாண ஊஞ்சலாக்கினார். கடைசியில் ராணி பிள்ளையைப் பறிகொடுத்து அழும் காட்சிக்கு, எதையும் மாற்றாமல் அப்படியே வைத்தார். பிள்ளை போனதிலிருந்து அச்சன்புதூரில் அண்ணன் வீட்டோடு கிடப்பவள் எங்கே கேட்கப்போகிறாள் என்ற தைரியம்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் செல்லப்பாவோடு அவள் வந்து நின்றாள்.

"நாடகம் முடியட்டும். உங்ககூட வீட்டுக்கு வாரேன்."

இந்த வார்த்தைக்காக மனுஷன் ஆறு மாதமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

பபூன் பாட்டுக்கு அவள் சிரித்தாள். ஐயோ, சிரித்தாள்! ராஜா வரவில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஊஞ்சலில் அவள் முகம் சுருங்கியதைக் குற்றாலிங்கம் பார்த்துவிட்டார். இடைவேளையில், ராணி வேஷம் கட்டும் உச்சிமாகாளியிடம் ஓடினார்.

"ஏலே, அழுகைய வேற மெட்டுல பாடுலே."

"வேற மெட்டு எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்?"

ராணி அழ ஆரம்பித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழும்பியது. சந்தனமாரி எழுந்து நின்று, மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கம்பெனி செய்த ஏற்பாடு என்று நினைத்துச் சனம் கைதட்டியது. ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!

"வாசியும்வே! சனம் கேக்குதுல்லா!" என்றார் அய்யாத்துரை, படுதா ஓரத்திலிருந்து.

நிறுத்தியிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம், ஒன்ஸ்மோர் என்ற சத்தம் கேட்டால் விரல் தானாக ஓடும். ஓடியது, பாவி விரல்.

அவள் அழுகை பட்டென்று நின்றது. அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செல்லப்பா பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வண்டியப் பூட்டு, ஊருக்குப் போவோம். இவுகளுக்கு வாசிக்க வேண்டியது இருக்கு."