பதினாறு புள்ளி நாலு

ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து கவியா எழுதும் மூன்றாவது செய்முறைத் தேர்வு அது. மற்ற பேப்பரெல்லாம் முடித்துவிட்டாள். கெமிஸ்ட்ரி பிராக்டிகல் மட்டும்தான் பாக்கி. இதுவும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று மாமா பஞ்சநாதன் சொல்லிவிட்டார். வேப்பந்தட்டையில் வெங்காயக் காட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அவரோடு வாதாடத் தெம்பில்லை.

காலேஜில் முதல் வருஷம் அவள் குடுவையை உடைத்த அன்று கெமிஸ்ட்ரி சார் சொன்னார்: "களை வெட்டுற கைக்கு இதெல்லாம் வராது." வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். போன மாதம் யாரோ ஆராய்ச்சிக்கென்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'வேதியியல் எனக்கு வரும்' என்றிருந்த வரிக்கு நேரே, 'இல்லவே இல்லை' கட்டத்தில் யோசிக்காமல் டிக் அடித்தாள்.

இன்றைக்கு என்னவோ எதுவும் உடையவில்லை. பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். குடுவையில் இளஞ்சிவப்பு வந்து நின்றது. குழாயில் இறங்கிய அளவு பதினாறு புள்ளி நாலு. மறுபடி செய்தாள். அதே பதினாறு புள்ளி நாலு. விடைத்தாளில் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தாள்.

பக்கத்தில் சிந்து. ஜூனியர் வகுப்பில் முதல் மாணவி.

"அக்கா, ஒனக்கு எவ்வளவு?"

"பதினாறு நாலு."

"எனக்குப் பத்தொம்பது ரெண்டு. ஒரு பெஞ்சுக்கு ஒரே அளவுதான லேப்பு பாவாடை அண்ணன் குடுவையில ஊத்துவாரு? ரெண்டு தடவையா வராதது இன்னிக்கு மட்டும் வந்துருமாக்கா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். கவியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பதினாறு நாலை அடித்துவிட்டுப் பத்தொன்பது ரெண்டு என்று எழுதினாள்.

லேப் உதவியாளர் பாவாடை காலையிலிருந்து கையைக் கட்டி ஓரமாக நின்றதையும், அரியலூரிலிருந்து வந்த தேர்வாளரே ஆளுக்கு ஒரு அளவாகக் குடுவையில் ஊற்றியதையும் அவளும் பார்த்திருந்தாள். கண் பார்த்தது, மனதில் ஏறவில்லை.

தேர்வாளர் விடைத்தாளை வாங்கி, தன் பட்டியலில் அவள் நம்பரைத் தேடினார்.

"ஏம்மா, சரியானத ஏன் அடிச்ச?"

அடித்திருந்த வரியில் விரலை வைத்தார்.

"ரெண்டு தடவையும் சரியா வந்துருக்கு. பத்தொம்பது ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"பக்கத்துல பாத்து எழுதிட்டேன் சார். மறுபடி செஞ்சு காட்டட்டுமா?"

"நேரம் முடிஞ்சிடுச்சு. அடிச்சதுக்கு மார்க் போட முடியாதும்மா."

 பட்டியலில் அவள் நம்பருக்கு நேரே மார்க்கை எழுதினார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அம்மா போன் செய்தாள். பின்னால் காட்டில் ஆட்கள் பேசும் சத்தம்.

"எப்புடி செஞ்ச?"

சரியாகத்தான் செய்தேன் என்று வாய்வரை வந்தது.

"எனக்கு வராதும்மா. மாமாவ வரச் சொல்லு."