ஜனவரி 19, நல்ல வெயில்

ஷான்டெல் கிரிச்லோவின் அறிக்கையில், மூன்றாம் பக்கத்து அட்டவணையில், சேற்றில் வளரும் மொக்கா-மொக்காச் செடி பதினான்கு என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடினேன்.

பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் சிமெண்ட் போட்டார்கள். கரை இரண்டும் சிமெண்ட், அடியும் சிமெண்ட். அதன் பிறகு அங்கே ஒரு மொக்கா-மொக்கா இலையைக்கூட நான் பார்த்ததில்லை.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் ஃபார்மில் உயிரியல் எடுத்தவர்கள் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். வாய்க்கால் ஓரமாகக் கம்பிச் சட்டத்தைப் பத்து முறை வீச வேண்டும். சட்டத்துக்குள் விழும் செடியையும் பூச்சியையும் எண்ணி எழுத வேண்டும். கடைசித் தாளில், இது மாணவர் தானே செய்த வேலை என்று ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு வாரியம் உயிரியலுக்கு முடிவே தராது. ஷான்டெல்லுக்கு ஜார்ஜ்டவுன் நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. உயிரியல் தேறினால்தான் அந்த இடம்.

அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டேன்.

"இத எங்க எண்ணின?"

"வாய்க்கால்ல."

"மொக்கா-மொக்கா பதினாலா?"

"இருந்துச்சு மிஸ். இப்ப இல்லேன்னா நான் என்ன பண்றது? மாடு தின்னிருக்கும்."

ஜன்னலைத் திறந்து காட்டினேன். சிமெண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்து போனது. அவள் எட்டிப் பார்க்கவில்லை.

"எல்லாரும்தான் பாத்து எழுதுறாங்க. என்னை மட்டும் புடிச்சுக்கிட்டீங்க."

"மத்தவங்க செடி பேரையாவது மாத்தியிருக்காங்க."

"அப்ப பொய்யா எழுதினது தப்பில்ல, சரியா பொய் சொல்லத் தெரியாததுதான் தப்பா மிஸ்?"

ஜன்னலைச் சாத்தினேன். "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்தார். சந்தையில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். கையில் பங்காமேரி மீன் வாடை. துறைத் தலைவர் ஹெய்ன்ஸ் சாரின் அறையில் ஷான்டெல் அவருக்குப் பின்னால் நின்றாள்.

"எம்பொண்ண திருடின்னு சொன்னது நீதானா?"

"திருடின்னு சொல்லல. பாத்து எழுதியிருக்கான்னு..."

"பாத்துத்தான் எழுதினா! யாரு இல்லேன்னா? பாத்து எழுதத்தான இந்தப் பள்ளிக்கூடமே நோட்டு குடுக்குது?" பையிலிருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார். "என் நாத்தனார் மக வெச்சிருந்தா. அவளுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு பொண்ணு. அதுக்கும் முன்னாடி இந்த சாரே, மாதிரி நோட்டுன்னு எடுத்துக் குடுத்தது. கேளு அவர!"

ஹெய்ன்ஸ் சார் தொண்டையைச் செருமினார். நல்ல நோட்டுகளை அலமாரியில் வைத்திருந்து அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். எங்கள் ஊரில் அக்கா நோட்டு இல்லாமல் யாரும் ஐந்தாம் ஃபார்ம் முடித்ததில்லை.

நோட்டை இழுத்துத் திறந்தேன். முதல் வரியிலேயே கையெழுத்து தெரிந்துவிட்டது. நான் 'ஜி'யை எழுதுவதுபோல் வேறு யாரும் எழுதுவதில்லை. மூடப் போனேன். அம்மா கையை வைத்துத் தடுத்தார்.

"படி. நீ படிக்கலேன்னா நான் படிக்கிறேன். ஜனவரி பத்தொம்பது. வானிலை, நல்ல வெயில்." அவர் நிறுத்தினார். வருடத்தை இன்னொரு முறை பார்த்தார். "நல்ல வெயிலா?"

மகள் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி ஷான்டெல், இது நீ பொறந்த நாளுடி! வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. என்னைக் கதவுமேல படுக்க வெச்சு, நாலு பேரு தள்ளிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அன்னைக்கு எந்தப் புண்ணியவதி வெயில்ல நின்னு நத்தை எண்ணினா?"

ஹெய்ன்ஸ் சார் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இருபதுக்குப் பதினெட்டு. கீழே அவருடைய கையெழுத்து. அவர் என்னைப் பார்த்தார்.

"புத்ராம், இது உன் நோட்டுதான?"

"ஆமா சார்."

ஷான்டெல் முதலில் சிரித்தாள். பிறகு அவள் அம்மா. நன்றாக, கதவுக்கு வெளியே கேட்கும்படி.

"அப்ப போட்டுருவீங்கல்ல மிஸ்?" என்றாள் ஷான்டெல். "உங்க வேலைதான இது. உங்களுக்குத் தெரியாததா?"

"போட்டுத் தொலை புத்ராம்" என்றார் ஹெய்ன்ஸ் சார். "வெள்ளிக்கிழமை வாரியத்துக்குப் பெட்டிய அனுப்பணும். இத்தன வருஷமா யாரும் செத்துப் போகல."

"என்னோடதும் பொய் சார். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க. அதனாலதான் இது இவ வரைக்கும் வந்திருக்கு." நோட்டை மூடினேன். "மூணு நாள் இருக்கு. வாய்க்காலுக்கு வரட்டும். எண்ணி எழுதட்டும். போடறேன்."

"மத்தவங்க?" என்று கேட்டாள்.

"அவங்களும்."

"நல்லா வருவாங்க!" என்றாள்.

அன்று மாலைக்குள் அந்தப் பக்கத்தின் படம் எல்லோருடைய ஃபோனிலும் இருந்தது. புதன்கிழமை காலை கொட்டுகிற மழையில் வகுப்புக்குள் நுழைந்தேன். கரும்பலகையில் பெரிய எழுத்தில், 'ஜனவரி 19, நல்ல வெயில்.'

"குட் மார்னிங் மிஸ்!" என்று கோரஸாக எழுந்தார்கள். "என்ன வெயில் மிஸ்! கண்ணே கூசுது!"

"மிஸ், கூலிங் கிளாஸ் கொண்டு வரலியா?"

கரும்பலகையை அழித்துவிட்டுத் திரும்பினேன். "உண்மைதான். நான் எண்ணல. வெள்ளத்துல ஸ்கூல் மூடியிருந்துது. தண்ணி வடிஞ்சு திறந்தப்ப வாய்க்கால்ல சேறுதான் இருந்துது. ஒண்ணுமில்லேன்னு எழுதினா ஃபெயில் ஆக்கிருவாங்கன்னு பயந்தேன். முந்தின வருஷம் பாத்ததை எல்லாம் எழுதினேன். தேதி எழுதறப்ப நாள் எதுன்னுகூட யோசிக்கல."

ஒருவன் பின்வரிசையிலிருந்து மெதுவாகக் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். அது பாராட்டு இல்லை. மணி அடிக்கும்வரை தட்டினார்கள்.

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் பதினொரு பேர் வாய்க்கால் ஓரம் வந்தார்கள். இந்த முறை நானும் போனேன். மார்ச்சில் அவர்களைத் தனியாக அனுப்பிவிட்டு, ஹெய்ன்ஸ் சார் சொன்னாரென்று மூன்றாம் ஃபார்முக்குப் பாடம் எடுக்கப் போயிருந்தேன். அன்று யாரும் வாய்க்கால் பக்கமே போகவில்லை என்பது இப்போது தெரிகிறது.

மழை விடவில்லை. ஷான்டெல் எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். சட்டத்தை வீசினாள். குனிந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"எழுது."

மறுபடியும் வீசினாள். "ஒண்ணுமில்ல."

"எழுது."

மூன்றாவதில் ஒரு நத்தை. நான்கிலும் ஐந்திலும் ஒன்றுமில்லை. ஆறாவதில் கொசுப் புழுக்கள். ஏழாவது முறை அவள் சட்டத்தை என் காலடியில் எறிந்தாள்.

"பக்கம் பூரா பூஜ்யம்! இதுக்கு எந்த மடையன் மார்க் போடுவான்? உங்களுக்கு என்ன மிஸ், நீங்க பதினெட்டு வாங்கிட்டுப் போயிட்டீங்க. வேலையில உக்காந்துட்டீங்க. நான் பூஜ்யத்த வெச்சுக்கிட்டு மீன் விக்கணுமா?"

"பூஜ்யத்துக்கு மார்க் உண்டு. ஏன் பூஜ்யம்னு எழுதணும். அதுக்குத்தான் மார்க்."

"உங்க வார்த்தைய நம்பச் சொல்றீங்க!"

"நம்ப வேண்டாம். மார்க் போடற விதி வாரியத்தோட புத்தகத்துல இருக்கு. நாலாம் பக்கம்."

பையிலிருந்து ஈரமான அந்தப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். மழையில் நின்றபடியே நான்காம் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். இதை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. நானும் காட்டியதில்லை. புத்தகம் வருடம் முழுவதும் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

"இத முதல்லயே குடுத்திருந்தா என்ன?" என்றாள்.

"குடுத்திருக்கணும்."

"இருக்கணும், இருக்கணும்..." என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டுச் சட்டத்தை எடுத்தாள். மீதி நான்கு முறையும் வீசினாள்.

வெள்ளிக்கிழமை முதல் மணிக்கு முன்பே அறிக்கை என் மேசைக்கு வந்தது. சிமெண்ட் போட்டால் சேறு தங்காது, சேறு இல்லாவிட்டால் வேர் பிடிக்காது, செடி இல்லாவிட்டால் நத்தைக்குத் தீனி இல்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். வாய்க்காலை இப்படி ஆக்கியவர்களைத் திட்டி இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு மார்க் இல்லை. மற்றதற்குப் பதின்மூன்று போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"உங்க பொய்க்குப் பதினெட்டு. என் நிஜத்துக்குப் பதிமூணு."

"ஆமா."

"தேறிருவேனா?"

"இது போதும். எழுத்துத் தேர்வ ஒழுங்கா எழுதினா தேறிருவ."

"அந்தப் பழைய நோட்டு எங்கிட்டயே இருக்கும்" என்றாள். "கேக்காதீங்க."

கேட்கவில்லை. அவள் நன்றியும் சொல்லவில்லை. கதவைச் சாத்தாமலே போனாள்.

கையெழுத்துப் போடும் முன் முதல் பக்கத்தை ஒரு முறை பார்த்தேன். தேதி சரியாக இருந்தது. அதன் கீழே எழுதியிருந்தாள்: 'வானிலை: மழை. சந்தேகம் இருந்தால் புத்ராம் மிஸ்ஸைக் கேட்கவும். இந்த முறை அவரும் வந்திருந்தார்.'

அதை அடிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.